விம்மல் விழும் இடம்

கூலிக்கு மாரடிப்பது என்று ஒரு வசை நம்மிடம் புழங்குகிறது. மனம் ஒட்டாமல், காசுக்காக மட்டும் ஒரு வேலையைச் செய்பவரை அப்படிச் சொல்கிறோம். பாட்டைப் பற்றிய பழைய நம்பிக்கை ஒன்று இந்த வசைக்குள் இருக்கிறது. அழுகைப் பாட்டு மெய்யாக இருக்க வேண்டுமானால் பாடுகிறவருக்கு அந்தத் துக்கம் சொந்தமாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அழுதால் அது பொய் என்பதே அந்த நம்பிக்கை. சினிமாப் பாட்டோ பக்திப் பாட்டோ, எதைப் பற்றிப் பேசினாலும் இது தலைகாட்டும். ‘உணர்ந்து பாடியிருக்கிறார்’ என்று சொல்லும்போது, பாடியவரின் நெஞ்சில் அந்த நேரம் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரிந்துவிட்டதுபோலவே சொல்கிறோம். ஆனால் எழவு வீட்டில் நடப்பது இந்த நம்பிக்கைக்கு ஒத்துவருவதில்லை. ஒப்பாரி பாட அழைக்கப்பட்டவர் இறந்தவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் உறவுமுறைகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டு குரலெடுக்கிறார். அவருக்குக் கூலி உண்டு என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், பெற்ற மகள்கள் அந்தக் குரல் கேட்டுத்தான் உடைந்து அழுகிறார்கள். சென்னையில் மரண கானா பாடுகிறவர்களும் முன்பின் அறியாதவரின் சாவுக்குப் பாடி, கூடியிருப்பவர்களைக் கலங்கவைக்கிறார்கள். ஏமாற்றப்பட்டதாக ஒருவரும் நினைப்பதில்லை. அப்படியானால் அந்தப் பாட்டில் எதை மெய் என்று ஏற்றுக்கொள்கிறார்கள்?

குரலையும் உணர்ச்சியையும் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் உளவியலும் ஒலியியலும் மானிடவியலும் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகள் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தருகின்றன. பாடுகிறவரின் நெஞ்சிலிருந்து வழிந்து நம் நெஞ்சில் வந்து விழுவதல்ல பாட்டின் மெய். உணர்ச்சிவசப்பட்ட உடல் குரலில் விட்டுச்செல்லும் தடயங்கள் சில உண்டு. அந்தத் தடயங்கள், கேட்பவருக்குப் பழகிய ஒரு வடிவத்துக்குள், அவர் எதிர்பார்க்கும் இடத்தில் விழும்போது கேட்பவரின் சொந்தத் துக்கம் எழுந்துவருகிறது. அப்படி எழுந்த துக்கத்தையே ‘இந்தப் பாட்டு பொய் சொல்லவில்லை’ என்று உணர்கிறோம். வடிவம் உணர்ச்சியைப் பொய்யாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வடிவம் இல்லாவிட்டால் உணர்ச்சி காதில் விழவே விழாது என்பது என் வாதம்.

முதலில் உடலைப் பார்ப்போம். உண்மையாகவே குமுறி அழுகிற ஒருவரால் பாட முடியாது. பாடுவதற்குக் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்று, ஒரே சீராக அதிர வேண்டும். ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணின் மேல் ஸட்ஜத்துக்கு அவை நொடிக்கு ஏறத்தாழ 392 முறை சேர்ந்து பிரிகின்றன. அதற்கு அடியிலிருந்து வரும் மூச்சும் அளவாக, விடாமல் வர வேண்டும். அழுகை இந்த இரண்டையும் குலைக்கிறது. உதரவிதானம் தன் போக்கில் துடித்து மூச்சைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. உடல் அதிகக் காற்றை வேண்டுவதால் குரல்நாண்களுக்கு இடையிலான வாய் அகலத் திறந்து நிற்க முயல்கிறது. எச்சிலை விழுங்கவோ அது மூடியாக வேண்டும். இந்த இழுபறியே தொண்டையை அடைக்கும் உணர்வு என்று விளக்குவார்கள். குரல்நாண்களை இழுத்து நீட்டும் சிறு தசையைத் தூண்டுவது வேகஸ் நரம்பின் ஒரு கிளை. அதே நரம்பின் வேறு கிளைகள் இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகின்றன. மனம் கலங்கும்போது குரல் கம்முவதும் தழுதழுப்பதும் நாம் செய்கிற காரியங்கள் அல்ல, நமக்கு நேர்கிறவை. நம்மைக் கேட்காமல் நேர்வதால்தான் கேட்பவர் அவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் அவை முழு வேகத்தில் நேர்ந்தால் பாட்டு நின்றுவிடும். ஆகவே துக்கம் அப்படியே பாட்டாகக் கொட்டுகிறது என்ற பேச்சு உடலியல்படி நிற்காது. பாட்டில் நாம் கேட்கும் அழுகை எப்போதும் அளந்து உள்ளே விடப்பட்ட அழுகையே.

அந்தத் தடயங்கள் எவை என்பதும் ஓரளவு தெளிவாகிவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த பாட்ரிக் யூஸ்லினும் பெத்ரி லௌக்காவும் 2003இல் பேச்சுக்குரலைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசைக்கலைஞர்களின் வாசிப்பைப் பற்றிய 41 ஆய்வுகளையும் சேர்த்துவைத்து ஒப்பிட்டார்கள். துக்கத்தில் பேசுகிறவரின் குரல் வேகம் குறைந்து, ஒலி தணிந்து, சுருதி இறங்கி, மேல் அலைவரிசைகளில் பொலிவிழந்து ஒலிக்கிறது. துக்கத்தைக் காட்டும் இசையும் பெரும்பாலும் இதே வழியில் போகிறது என்று கண்டார்கள். கோபத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இப்படியே தனித்தனிக் கூட்டுகள் உண்டு. அழுகைக்கு இன்னும் நெருக்கமான தடயங்களை 1988இல் மானிடவியலாளர் கிரெக் அர்பன் எடுத்துக்காட்டினார். பிரேசிலின் ஷோக்லெங், ஷவாந்தே, பொரோரோ என்ற மூன்று பழங்குடிச் சமூகங்களின் சடங்கு அழுகையை ஒப்பிட்ட அவர், மெட்டுகள் வேறு வேறாக இருந்தும் நான்கு குறிகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். குரல் சட்டென்று உடைந்து மேலே தாவுவது, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஒலி எழுவது, குரல் கரகரத்து நொறுங்குவது, உயிரெழுத்து பொய்க்குரலில் நீள்வது ஆகியவை அந்த நான்கு. ஒப்பாரியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. கேவலும் விசும்பலும் நம் எழவு வீடுகளிலும் இதே குறிகளால்தான் ஆனவை.

இந்த இடத்தில் எளிய முடிவு ஒன்று நம்மை அழைக்கும். உடல் பொய் சொல்லாது. அதன் தடயங்களைக் காது பிடித்துவிடும். ஆகவே மெய்யாக உணர்ந்து பாடுகிறவரை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று சொல்லிவிடலாம். சோதனைகள் இதை ஆதரிக்கவில்லை. கிரெகரி பிரையன்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தானாக வெடித்த சிரிப்பையும் கேட்டதற்காகச் சிரித்த சிரிப்பையும் 21 சமூகங்களைச் சேர்ந்த 884 பேருக்குப் போட்டுக்காட்டினார்கள். சரியாகப் பிரித்தறிந்த விகிதம் சமூகத்துக்குச் சமூகம் 56இலிருந்து 69 சதவீதம்வரை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் சரியாக வரும். நமக்கு இந்தத் திறன் இருக்கிறது, எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. ஆனால் பாடகரின் நெஞ்சுக்குச் சாட்சி சொல்லும் அளவுக்கு அது கூர்மையானதல்ல. ஜெர்மனியில் ரெபெக்கா யூர்கன்ஸின் குழு, வானொலியில் பதிவான உண்மையான உணர்ச்சிப் பேச்சையும் அதே சொற்களை நடிகர்கள் பேசியதையும் ஜெர்மனி, ருமேனியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் கேட்கவைத்தபோதும் உண்மையையும் நடிப்பையும் பிரிப்பதில் கேட்டவர்கள் தடுமாறினார்கள். இவை பேச்சையும் சிரிப்பையும் பற்றிய சோதனைகள். பயிற்சி பெற்ற தொண்டை, ஒத்திகை, பக்கவாத்தியம், ஒலிப்பதிவுக் கருவிகள் எல்லாம் சேர்ந்த பாட்டில் பிரித்தறிவது இன்னும் கடினமாகவே இருக்கும். பாட்டு மெய்யாகத் தோன்றுவதைப் பொய் கண்டுபிடிக்கும் திறனைக் கொண்டு விளக்க முடியாது.

விளக்கம் வடிவத்தில் இருக்கிறது. ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பவர்கள் அதன் கட்டுக்கோப்பைக் கவனிப்பதில்லை. இறந்தவரோடு வாழ்ந்த காலத்தின் செழிப்பைச் சொல்லும் அடிகளும் அவர் போனபின் வந்த வறுமையைச் சொல்லும் அடிகளும் எதிரெதிராக அடுக்கப்படுகின்றன. ஒரு அடியின் சொற்கள் அடுத்த அடியில் ஓரிரண்டு மட்டும் மாறித் திரும்புகின்றன. மெட்டு குறுகிய எல்லைக்குள் மேலே தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. விம்மல் கண்ட இடத்தில் வருவதில்லை. அடியின் கடைசிச் சொல் நீண்டு, மூக்கொலியில் தேய்ந்து, மூச்சு முடியும் இடத்தில் வந்து விழுகிறது. தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து சேர்ந்துகொள்கிறார்கள். இந்த ஒழுங்குதான் விம்மலுக்குப் பொருள் தருகிறது. ஒரு குரல் இரண்டு அடி நெடுகத் தன்னைப் பிடித்துவைத்துக்கொண்டு வந்து, மூன்றாவது அடியின் முடிவில் உடைகிறது என்றால், இதுவரை எதைப் பிடித்துவைத்திருந்தது என்பது அந்த உடைவில் தெரிகிறது. எடுத்த எடுப்பிலேயே உடைந்த குரல் எதையும் தாங்கியதாகக் கேட்பவருக்குப் படாது. வெள்ளத்தின் வேகத்தைக் கரையில்லாத இடத்தில் யாரும் அறிய முடியாது. மதகில் மோதும்போதுதான் அது தெரிகிறது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் முதல் வரியிலிருந்தே அழுகையைக் குரலில் ஏற்றிப் பாடும் போட்டியாளர்கள் நம்மைத் தொடாமல் போவதற்கு அவர்களுடைய நேர்மைக் குறைவு காரணம் அல்ல. தடயங்களை வடிவத்தில் வைக்க வேண்டிய இடத்தில் வைக்காததுதான் காரணம்.

அந்த இடம் எது என்பது பிறப்பிலேயே வந்ததா, கற்றுக்கொண்டதா? இரண்டும்தான், ஆனால் கற்றுக்கொள்வது நாம் நினைப்பதைவிட வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 2009இல் பிர்கிட் மாம்பே, காத்லீன் வெர்ம்கே முதலியோர், பிறந்து சில நாட்களே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையில் சுருதி பெரும்பாலும் ஏறிச் சென்றது. ஜெர்மன் குழந்தைகளுடையது இறங்கி வந்தது. கருவில் கேட்ட தாய்மொழியின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே அந்தப் போக்குகள் அமைந்திருந்தன. மனிதர் எழுப்பும் முதல் அழுகையிலேயே ஊரின் வடிவம் படிந்திருக்கிறது என்றால், வடிவமற்ற தூய உணர்ச்சி என்று ஒன்றைத் தேடிப் போவதில் பயனில்லை. மறுபக்கம், வடிவம் தெரியாதவருக்கும் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்கிறது. லாரா-லீ பால்க்வில், வில்லியம் தாம்சன் இருவரும் 1999இல் இந்துஸ்தானி ராகங்களை அந்த இசையில் பழக்கமில்லாத மேற்கத்தியர்களைக் கேட்கவைத்தார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் ஆகியவற்றை அவர்களால் அடையாளம் காண முடிந்தது; சாந்தத்தைப் பிடிப்பதில் தடுமாறினார்கள். வேகமும் ஒலியளவும் போன்ற உடல் சார்ந்த குறிகள் எல்லை தாண்டுகின்றன. நுணுக்கமானவை தாண்டுவதில்லை.

நம் முகாரியை எடுத்துக்கொள்ளலாம். சதா புலம்புகிறவரைப் பார்த்து ‘முகாரி பாடாதே’ என்று சொல்லும் அளவுக்கு அந்த ராகத்தின் மீது சோக முத்திரை குத்தியிருக்கிறோம். ஆனால் சபரிக்குக் கிடைத்த பேற்றை வியந்து தியாகராஜர் செய்த கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அதில் துக்கம் கேட்பதில்லை, நெகிழ்ந்த வியப்பு கேட்கிறது. ஒரே ராகம், ஒரே வகைக் கமகங்கள். ஆனால் எந்த வடிவத்துக்குள் வைத்துக் கேட்கப் பழகியிருக்கிறோமோ அதற்கேற்ப உணர்ச்சி மாறுகிறது. ராகத்துக்குள் சோகம் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணத்தையும், பாடகரின் நெஞ்சுக்குள் இருக்கிறது என்ற எண்ணத்தையும் இதே சான்று ஒருசேர அசைக்கிறது.

மீதி கேட்பவரிடம் இருக்கிறது. தமிழ்நாட்டு ஒப்பாரியை ஊர்களில் தங்கி ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் தலைப்பிட்டார். ஒப்பாரி பாடிய பெண்களே தங்கள் தங்கள் இழப்புகளையும் குறைகளையும் நினைத்துத்தான் அழுகிறோம் என்று அவரிடம் சொன்னார்கள். எழவு வீட்டுக்குப் போய்வந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. பிறந்த வீட்டுச் சீர் நின்றுபோனது, குடிகாரக் கணவனோடு பட்டது, முன்பே பறிகொடுத்த பிள்ளை என்று வேறு சந்தர்ப்பத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பாட்டு ஏந்திக்கொள்கிறது. லிலா தாருஃபி, ஸ்டெஃபான் கோல்ஷ் இருவரும் 2014இல் உலகின் பல நாடுகளிலிருந்து 772 பேரிடம் சோக இசை என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டபோது, அடிக்கடி வந்த பதில் சோகம் அல்ல. கடந்த காலத்தின் ஏக்கம். நினைவுதான் வழி என்று பலர் சொன்னார்கள். பாட்டு உணர்ச்சியைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை, கேட்பவரிடம் ஏற்கெனவே இருப்பதை எழுப்புகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு களங்களைச் சொல்கிறது. சாவு அதில் ஒரு பங்குதான். அந்த இயலுக்கு உரை எழுதிய இளம்பூரணர், செய்பவர் செய்வது காண்பவரிடம் போய்ச் சேர்வதே மெய்ப்பாடு என்ற செயிற்றியம் எனும் பழைய நாடக நூலின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். உணர்ச்சி நிறைவேறும் இடம் பெறுபவரிடம் இருக்கிறது என்பதை நாடகக் கலை அறிந்த நம் முன்னோர் தெளிவாகவே கண்டிருக்கிறார்கள்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. அப்படியானால் பாடுகிறவர் எதையும் உணராமல் தடயங்களை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போகலாமா? கலை வெறும் தந்திரமா? ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே இது பெரிய சண்டை. தான் நெகிழாத இசைக்கலைஞன் பிறரை நெகிழ்விக்க முடியாது என்று 1753இல் இசையமைப்பாளர் சி.பி.இ. பாக் எழுதினார். சிறந்த நடிகன் உள்ளே குளிர்ந்திருப்பவன் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ வாதிட்டார். இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை: குரல் பாடுகிறவரின் காதிலும் விழுகிறது. ஜான்-ஜூலியான் ஓகுதூரியே குழுவினர் 2016இல் செய்த சோதனையில், ஒரு கதையைச் சத்தமாக வாசிப்பவர்களின் குரலை ஹெட்போன் வழியே அவர்களுக்கே திருப்பி ஒலிக்கவிட்டு, அவர்கள் அறியாமல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மகிழ்ச்சியாகவோ சோகமாகவோ பயந்ததாகவோ மாற்றினார்கள். பெரும்பாலானோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. ஆனால் தங்கள் குரல் போன திசையிலேயே, குறிப்பாக மகிழ்ச்சியிலும் சோகத்திலும், அவர்களுடைய மனநிலையும் நகர்ந்தது. ஒப்பாரிக்காரரின் நிலையும் இதுதான் என்று நினைக்கிறேன். தேர்ந்த வடிவத்தில் விம்மலை வைத்துப் பாடப் பாட, தன் குரலைத் தானே கேட்டு அவரும் கலங்குகிறார். அப்போது அவருடைய சொந்த இழப்புகளும் வந்து சேர்ந்துகொள்கின்றன. உணர்ச்சி முதலில், பாட்டு பிறகு என்ற வரிசை கட்டாயம் இல்லை. பாட்டு முதலில், உணர்ச்சி பிறகு என்பதும் நேர்மையான வழியே. கூலி வாங்கியது அந்தக் கண்ணீரைப் பொய்யாக்காது. அந்த வசையை நாம் கைவிடுவது நல்லது. அது ஒரு கலையின் மீதும், பெரும்பாலும் ஏழைப் பெண்களாக இருக்கும் அதன் கலைஞர்கள் மீதும் சுமத்தப்பட்ட பழி.

இரண்டாவது மறுப்பு வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. பாடுகிறவரின் நெஞ்சு முக்கியமில்லை என்றால், அவர் வாழ்க்கையை அறிந்தபின் பாட்டு ஏன் வேறாக ஒலிக்கிறது? கே.பி. சுந்தராம்பாளின் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தார். அதன்பின் சுந்தராம்பாள் வாழ்நாள் முழுக்க வெள்ளுடையே உடுத்தினார். 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் ஆண் வேடத்தில் நடித்துப் பாடினார். அந்தக் குரலின் உச்ச ஸ்தாயியைக் கேட்ட தலைமுறைகள் அந்த வெள்ளைச் சேலையையும் சேர்த்தே கேட்டன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சோதனைகளும் இதை உறுதி செய்கின்றன. யோனா வுவோஸ்கோஸ்கி, துவோமாஸ் ஏரோலா இருவரும் 2015இல், ஒரே சோக இசையைக் கொடுமையான ஒரு நிகழ்வின் கதையோடு சிலருக்கும், இயற்கைக் காட்சி விவரணையோடு வேறு சிலருக்கும் கொடுத்தபோது, கதையறிந்தவர்களுக்குச் சோகம் கூடியது. டேனியல் ஷாங்க் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இயந்திரம் இயற்றியது என்று நம்பியவர்களுக்கு அந்த இசை குறைவாகவே பிடித்தது. இந்தச் சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எதைக் காட்டுகின்றன? இரண்டு சோதனையிலும் ஒலி மாறவில்லை. கேட்பவரின் அறிவு மட்டுமே மாறியது. பாடகரின் வாழ்க்கை நம்மைத் தொடுவது அவர் தொண்டை வழியாக அல்ல, நமக்குத் தெரிந்த கதை வழியாகத்தான். கதை தவறாக இருந்தாலும் அது அதே வேலையைச் செய்திருக்கும். வாழ்க்கைக் கதையும் கேட்பவர் கொண்டுவரும் சரக்கில் ஒரு பகுதியே.

யார் பாடுகிறார் என்ற அறிவு எப்படி வேலை செய்யும் என்பதைக்கூட வடிவம்தான் தீர்மானிக்கிறது. தமிழ் சினிமாவில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்திலேயே தொடங்கிவிட்டது. டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். இரண்டும் ஒரே தொண்டை என்பது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். ஆனாலும் திரையில் அழுதவரின் துயரம் குறையவில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் தமிழ்த் தாயின், தமிழ்க் காதலியின் குரலாகவே வாழ்ந்தார்கள். இதே காரியத்தை மேற்கத்தியப் பாப் இசையில் மில்லி வனில்லி என்ற இருவர் குழு செய்தபோது, பாடியவர்கள் வேறு ஆட்கள் என்று தெரிந்ததும் 1990இல் அவர்களுக்குத் தந்த கிராமி விருதையே திரும்பப் பெற்றார்கள். மேடையில் நிற்பவரே பாடுகிறார் என்பது அங்கே நிலவிய உடன்பாடு; நம் சினிமாவின் உடன்பாடு வேறு. பொய் என்ற உணர்வு எழுவது உடன்பாடு மீறப்படும் இடத்தில். இரவல் குரலாக இருப்பதனால் மட்டும் அது எழுவதில்லை.

தழுதழுப்பே இல்லாத பாட்டுகளும் நம்மை உலுக்குகின்றனவே என்று கேட்கலாம். உண்மை. 1997இல் வந்த ஆட்டோ-ட்யூன் மென்பொருள் குரலின் சுருதி நடுக்கத்தை நேர்ப்படுத்திவிடும். என் வாதப்படி தடயங்களை அழித்துவிடும். ஆனால் 2007இல் தாயை இழந்த அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட், அடுத்த ஆண்டு வெளியிட்ட இசைத்தொகுப்பு முழுக்க அந்த மென்பொருளின் உலோகக் குரலிலேயே பாடினார். மரத்துப்போன துக்கமாகவே பலர் அதைக் கேட்டார்கள். தடயம் வர வேண்டிய இடத்தில் வராமலிருப்பதும், எதிர்பார்ப்பு இருக்கும்வரை ஒரு தடயம்தான். எந்தத் தடயமும் எதிர்பார்க்கப்படாத இடத்தில் இந்த உத்தி செல்லாது. வாத்தியங்களுக்கும் இதே விதி பொருந்தும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில் வயலின் ஒலியில் நடுக்கம், கரகரப்பு, புன்னகையின் பொலிவு ஆகிய குரல் குணங்களைக் கணினியால் ஏற்றியபோது, கேட்டவர்கள் குரலில் கேட்பதுபோலவே அதில் உணர்ச்சியைக் கேட்டார்கள். வாய்ப்பாட்டைப் பின்தொடர்ந்தே வளர்ந்த நம் கர்நாடக வயலினைக் கேட்பவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

இனி இந்த வாதத்தைக் கடுமையாகச் சோதிக்கப்போவது செயற்கை நுண்ணறிவு. 2024இல் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், முன்பே மறைந்த பாடகர் ஷாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் அவர்களுடைய குடும்பத்தாரின் அனுமதியோடும் ஊதியத்தோடும் மீட்டுருவாக்கினார். அதே ஆண்டு தொடக்கத்தில் இறந்த பாடகி பவதாரிணியின் குரலை அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா ‘கோட்’ படத்தின் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். இயந்திரத்துக்குத் துக்கம் இல்லை, எனவே இந்தப் பாட்டுகள் மெய்யாக முடியாது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் இதுவரை சொன்னதையெல்லாம் நானே மறுத்ததாகிவிடும். அக்காவின் குரலைத் தம்பி கேட்டு அமைத்த பாட்டு என்பது தெரிந்து கேட்பவரின் கலக்கம் மெய்யான கலக்கமே. ஆனால் இத்தகைய குரல்மாற்றத்தில் பொதுவாக நடப்பது என்ன என்பதை ரசிகர்கள் அறிந்திருக்க வேண்டும். முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் அந்தப் பாட்டை முழுதாகப் பாடுகிறார். அவருடைய மூச்சு, இழைவு, கமகம், குரல் கம்மும் இடம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, குரலின் சாயலை மட்டும் மறைந்தவருடையதாக இயந்திரம் மாற்றுகிறது. விம்மல் எந்த அசையில் விழ வேண்டும் என்று முடிவு செய்தது ஒரு மனிதத் தொண்டை. அதன் சொந்தக்காரர் திரையிலும் இல்லை, குரலிலும் இல்லை. பின்னணிப் பாடகர்களின் பெயரைப் படத்தில் போடும் வழக்கம் நமக்கு உண்டு. மறைந்தவரின் பெயரோடு இந்த முதல் குரலுக்குரியவரின் பெயரையும் அங்கே போட வேண்டும், கூலியும் குறையாமல் கொடுக்க வேண்டும்.